ஐலேஷ் எக்ஸ்டென்ஷன்: அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போன் போடுவதிலிருந்து கழற்றுவது வரை

பார்லரில் "ஐலேஷ் வைக்கணும்" என்று சொன்னால் மூன்று வெவ்வேறு வேலைகளில் எதுவும் கிடைக்கலாம். ஒன்று ஸ்ட்ரிப் லேஷ்: இமையின் மேல் பட்டையாக ஒட்டி, ராத்திரி கழற்றி வைத்துவிடுவது. இரண்டாவது கிளஸ்டர்: பல இழைகளை அடியில் முடிச்சாகச் சேர்த்த கொத்து. அதை உங்கள் நாலைந்து முடிகளின் மேல் மொத்தமாக வைத்து ஒட்டுவார்கள். மூன்றாவதுதான் எக்ஸ்டென்ஷன். உங்கள் சொந்த இமை முடி ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, அதன் மேல் ஒரு செயற்கை இழையை ஒட்டும் வேலை இது.

விலையும் நேரமும் மட்டுமல்ல, கண்ணுக்கு வரும் ஆபத்தும் இந்த மூன்றுக்கும் வேறு வேறு. கிளஸ்டரை எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில், அதே குளூவால் ஒட்டுவதுதான் அதிகம் கெடுதல் செய்கிறது. இமை முடிகள் எல்லாம் ஒரே நாளில் முளைத்து ஒரே நாளில் உதிர்வதில்லை. ஒவ்வொரு கண்ணிலும் தினம் ஒன்றிலிருந்து ஐந்து முடி வரை உதிரும், பக்கத்தில் இருப்பது அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். நாலு முடியைச் சேர்த்து ஒட்டிவிட்டால், வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை இழுக்கும். உதிர வேண்டியது உதிராமல் தொங்கி, உதிரக் கூடாததையும் வேரோடு கொண்டு போகும். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி மெலிந்து, சில இடங்களில் திரும்ப முளைக்காமலே போகலாம்.

போனிலேயே கேட்க வேண்டியவை

நேரில் போய் உட்கார்ந்த பிறகு "வேண்டாம்" என்று எழுந்து வருவது எல்லோருக்கும் கஷ்டம். அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: "அக்கா, ஒரு முடிக்கு ஒரு முடியா ஒட்டுவீங்களா, கொத்தா ஒட்டுவீங்களா? எவ்வளவு நேரம் ஆகும்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே முதல் கேள்விக்கும் பதில். கிளாசிக் எனப்படும் ஒன்றுக்கு ஒன்று முறைக்கு, கை பழகியவருக்கே ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு முடிக்குப் பல மெல்லிய இழைகளை விசிறியாக வைக்கும் வால்யூம் என்றால் இரண்டரை, மூன்று மணி நேரம். "அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்மா" என்று சொன்னால் அது கொத்துதான்.

அடுத்து பேட்ச் டெஸ்ட். குளூவில் இருப்பது சயனோஅக்ரிலேட், சூப்பர் குளூ குடும்பத்தைச் சேர்ந்தது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கண் ஓரத்தில் இரண்டு மூன்று இழை மட்டும் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அலர்ஜி பெரும்பாலும் உடனே தெரியாது, மறுநாள்தான் இமை வீங்கும். அதனால் "கையில தடவி அஞ்சு நிமிஷம் பார்த்தோம், ஒண்ணும் ஆகலை" என்பதைப் பேட்ச் டெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊத்தங்கரையிலிருந்தோ அரூரிலிருந்தோ தர்மபுரி, கிருஷ்ணகிரி பார்லர்களுக்கு வருபவர்களுக்கு இதற்காக ஒரு நடை பஸ் ஏறுவது அலுப்புதான். ஆனாலும் முதல் தடவை ஒட்டுகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம்.

ரீஃபில் (உதிர்ந்த இடங்களில் புதிய இழை ஒட்டுவது) செய்யவும் கழற்றவும் தனிக் கட்டணமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாதியில் விளக்கு போய், ஒரு கண் மட்டும் முடிந்த நிலையில் படுத்திருப்பது வேடிக்கையாக இருக்காது.

மெட்ராஸ் ஐ, கண்கட்டி, இமை ஓரத்தில் பொடுகு போல உதிரும் பிளெஃபரைட்டிஸ் ஆகியவை இருக்கும்போது ஒட்டக் கூடாது. முழுதாக ஆறிய பிறகு போங்கள். லேசிக், கண்புரை என்று எந்த அறுவை செய்திருந்தாலும் கண் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை காத்திருங்கள். தினமும் கண் சொட்டு மருந்து போடுகிறவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், இமை முடியைப் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கு மாதம் ஏறிய பிறகு இரண்டு மணி நேரம் மல்லாந்து படுப்பதே பெரிய பாடு. பக்கவாட்டில் சாய்ந்தபடி இந்த வேலையைச் செய்வது கடினம்.

கல்யாணப் பெண்ணுக்கு நாள் கணக்கு

இங்கே இந்த அப்பாயின்ட்மென்ட் கேட்டு வருபவர்களில் பலர் கல்யாணப் பெண்கள். சிக்கலும் அங்கேதான். நலுங்கு வைக்கும்போது எண்ணெயும் மஞ்சளும் முகத்தில் ஏறும், அடுத்து தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றுமே புதிதாக ஒட்டிய குளூவுக்கு ஆகாது. அதனால் நலுங்கு முடிந்த பிறகு, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இடைவெளி இருக்கும்படி ஒட்டுவதுதான் சரியான கணக்கு. பேட்ச் டெஸ்ட்டை அதற்கும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வீங்கினால் தணிய நாள் வேண்டும்.

நலுங்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் என்றால் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு ஸ்ட்ரிப் லேஷ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போட்டோவுக்கு அதுவே தாராளம். எங்களைக் கேட்டால், கல்யாணத்துக்கு மட்டும் என்று வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு ஸ்ட்ரிப்பே போதும். எக்ஸ்டென்ஷன் வைத்த பிறகு அதன் மேல் ஸ்ட்ரிப்பும் ஒட்டச் சொன்னால் மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் மறுத்துவிடுங்கள். எடை தாங்காது, கழற்றும்போது இரண்டும் சேர்ந்து வரும்.

அன்றைக்குக் கிளம்பும் முன்

முகத்தில் எண்ணெய்ப் பசை எதுவும் கூடாது. முந்தின ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துப் படுத்தால் அது இமை வரைக்கும் இறங்கியிருக்கும். காஜல், மஸ்காரா, ஐலைனர் எதுவும் போடாமல் போங்கள். வாட்டர்ப்ரூஃப் வகைகளை முந்தின நாளே எடுத்துவிட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டப்பாவையும் கண்ணாடியையும் எடுத்துப் போகவும், லென்ஸோடு படுக்கக் கூடாது. காபி, டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுப் படுத்தால் இமை படபடக்கிறது, வேலை இழுக்கிறது. பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள்.

படுக்கையில் நடப்பது

முதல் கால் மணி நேரம் பேச்சும் பார்வையும்தான். உங்கள் முடி எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், எங்கே இடைவெளி என்று பார்த்த பிறகே இழையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாசிக்குக் கேட்க வேண்டிய தடிமன் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை. 0.20 பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் மெல்லிய முடிக்குப் பாரம். வால்யூமில் 0.03 முதல் 0.07 மி.மீ. வரையிலான மெல்லிய இழைகளை விசிறி போல விரித்து, ஒரு முடிக்கு ஒரு விசிறியாக வைப்பார்கள். நீளம், உங்கள் சொந்த முடியைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக இருந்தால் போதும். பெரும்பாலோருக்கு 8 முதல் 12 மி.மீ. என்பதற்குள் அடங்கிவிடும். 14, 15 என்று கேட்டால் கண்ணாடியில் இடிக்கும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கும்போதும் தட்டும்.

வளைவை எழுத்தால் சொல்வார்கள். பி என்பது லேசான வளைவு, சி நடுத்தரம், டி நன்றாக மேலே தூக்கியது. முடி நேராகக் கீழே பார்த்திருப்பவர்களுக்கு, அடியில் நேராக இருந்து சட்டென்று மேலே ஏறும் எல் வகை பிடித்து நிற்கும். இழைப் பெட்டியில் மிங்க், சில்க் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் எல்லாமே பி.பி.டி. என்ற செயற்கை இழைதான். அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

பிறகு எண்ணெய் இல்லாத நுரை ஷாம்பு போட்டு இமையைக் கழுவித் துடைப்பார்கள். கீழ் இமை முடிகள் மேலே வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்ணுக்குக் கீழே ஜெல் பேடை வைத்து அவற்றை மூடுவார்கள். பேடின் விளிம்பு கண்ணின் வெள்ளையைத் தொடக் கூடாது. கண்ணை மூடியதும் உறுத்தினால் உடனே சொல்லுங்கள், ஒரு மி.மீ. கீழே இறக்கி வைக்க அரை நிமிடம்தான். சொல்லாமல் இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொண்டால் எழும்போது கண் சிவந்திருக்கும். பேட் மேல் பேனாவால் கோடு போட்டு 8, 9, 10, 11 என்று எழுதுவதைப் பார்த்தால் நல்ல அறிகுறி. எந்த இடத்தில் என்ன நீளம் என்பதற்கான வரைபடம் அது. நீளம் நடுவில் கூடினால் கண் உருண்டையாகத் தெரியும், வெளி ஓரத்தில் கூடினால் நீண்டு தெரியும். வெளி ஓரம் இயல்பாகவே சரிந்த கண்ணுக்கு, அந்த ஓரத்தில் நீளம் கூட்டினால் இன்னும் சரிந்தே காட்டும்.

இனிதான் முக்கிய வேலை. ஒட்டுபவர் தன் இடது கை ட்வீசரின் இரண்டு முனைகளையும் விரித்து, வரிசையிலிருந்து ஒரே ஒரு முடியை மட்டும் பிரித்து நிறுத்துவார். அந்த முடிக்கு இரண்டு பக்கமும் வெறும் பேட் தெரிய வேண்டும். வலது கை ட்வீசரில் இருக்கும் இழையின் அடியை, 1 அல்லது 2 மி.மீ. அளவுக்குக் குளூத் துளியில் தோய்த்து மெதுவாக வெளியே எடுப்பார். வேகமாக எடுத்தால் நுனியில் மணி போல உருண்டு நிற்கும், அந்த மணிதான் பக்கத்து முடியையும் சேர்த்து ஒட்டிவிடும். இமைத் தோலிலிருந்து 0.5 முதல் 1 மி.மீ. தள்ளி இழையைப் படுக்க வைத்து, ஓரிரு வினாடி பிடித்து விடுவார். அடுத்து அதற்குப் பக்கத்து முடிக்குப் போகாமல், கொஞ்சம் தள்ளியோ மறு கண்ணிலோ ஒன்று. ஒட்டியது காயும் வரை பக்கத்தைத் தொடாமல் இருக்கத்தான் இந்தத் தாவல். மேல் இமையில் பொதுவாக 90 முதல் 150 முடி வரை இருக்கும். அத்தனைக்கும் ஒட்டுவதில்லை, அப்போதுதான் முளைத்த குட்டி முடிகளை விட்டுவிட வேண்டும்.

கண்ணை முழுதும் மூடியே வைத்திருங்கள். எரிந்தால் திறந்து பார்க்கத் தோன்றும், திறந்தால் குளூ ஆவி நேராகக் கண்ணில் ஏறும். மூடியபடியே "எரியுதுங்க" என்று சொல்லுங்கள். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், இமை ஓர் இழை அளவு திறந்திருப்பதுதான். இமையை இழுத்துப் பிடித்திருக்கும் டேப்பைத் தளர்த்தினால் அடங்கிவிடும். போன் பேச வேண்டாம், தாடை அசைந்தால் இமையும் அசையும். தூங்கினால் தப்பில்லை, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

குளூவும் நம்ம ஊர் காற்றும்

சயனோஅக்ரிலேட் காய்வது சூட்டினால் அல்ல, காற்றிலிருக்கும் ஈரத்தால். அறை 20 முதல் 25 டிகிரியும் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதமும் இருந்தால் சொன்னபடி நடந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் தர்மபுரிப் பக்கம் அடிக்கிற வறண்ட காற்றில், ஏசியும் ஓடி இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிட்டால், குளூ காயாமல் இழுக்கும். காய நேரமானால் ஆவியும் கூடுதலாக வரும், இழையும் நகரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர் எதிர்: முடியைத் தொடும் முன்பே விறைத்துவிடும். மேல் தோல் மட்டும் காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, இரண்டே நாளில் பொலபொலவென உதிரும். வெளியே ஓசூர்க் குளிர் என்றாலும் கிருஷ்ணகிரி வெயில் என்றாலும், கணக்கு அந்த அறைக்குள் இருக்கும் காற்றுக்குத்தான். அதனால் படுக்கை பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் வைத்திருக்கும் இடத்தை நம்பலாம். ஒட்டும்போது தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். துளியும் காய்ந்துபோகும், ஆவியும் கண்பக்கம் வீசும்.

குளூத் துளியை 15, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். ஆரம்பத்தில் வைத்த அதே துளியில் கடைசி வரை தோய்த்தால், பின்னால் ஒட்டியவை முதலில் விழும். திறந்த பாட்டில் ஒன்று, இரண்டு மாதம்தான் தாங்கும். பாட்டில் மேல் திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? ட்வீசரைக் கிருமி நீக்கினார்களா, இமை சீவும் பிரஷ் புதியதா என்பதும் அதே போலத்தான்.

எழுந்திருக்கும் முன்

கடைசி இழைக்குப் பிறகு சில நிமிடம் விட்டு, மெல்லிய நீர்த்தூவல் அடிப்பார்கள். பிறகு பேடை எடுத்து, கண்ணைத் திறக்கச் சொல்வார்கள். உடனே கண்ணாடியில் அழகு பார்க்காதீர்கள். முதலில் மேலே, கீழே, இரு பக்கமும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுங்கள். எங்காவது சுருக்கென்று இழுத்தால் அங்கே இரண்டு முடி ஒட்டியிருக்கிறது, பெரும்பாலும் மூக்குப் பக்க ஓரத்தில். அங்கேயே பிரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அது சரியாகாது. அடுத்து பிரஷை அடியிலிருந்து நுனிக்கு இழுங்கள், தடையில்லாமல் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் வைத்ததே தெரியாதபடி இலேசாக இருந்தால்தான் சரியான வேலை.

உபயோகித்த இழையின் தடிமன், வளைவு, நீளம், குளூவின் பெயர் நாலையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் ரீஃபில் செய்யவும், ஏதாவது ஆனால் டாக்டரிடம் காட்டவும் உதவும்.

வீட்டில்

முதல் 24 மணி நேரம் தண்ணீர், ஆவி, வியர்வை எதுவும் படாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டை விட்டுவிடுங்கள். அன்றைக்கு வீட்டில் ராகிக் களி என்றால் துடுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது உத்தமம். குனிந்து கிண்டும்போது எழும் ஆவி நேராக இமைக்குத்தான் வரும். இட்லிப் பானை மூடியைத் திறப்பதும் அப்படியே. விறகடுப்பை ஊதுவது முதல் நாள் மட்டுமல்ல, என்றைக்குமே வேண்டாம். பி.பி.டி. இழை சூட்டில் நுனி சுருண்டு பொசுங்கும், அதைத் திரும்ப நேராக்க வழியில்லை.

இரண்டாம் நாளிலிருந்து தினமும் கழுவ வேண்டும். கழுவினால் உதிரும் என்று பயந்து விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. தூசியும் எண்ணெயும் அடியில் படிந்து இமை ஓரம் அரிக்கும், பொடுகு தட்டும், வீங்கும். புளி உடைக்கும் வேலை, கிரானைட் பட்டறை, மண் ரோட்டில் வண்டி ஓட்டம் என்று தூசியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். எண்ணெய் இல்லாத லேஷ் ஷாம்பு நுரையை மெல்லிய பிரஷில் எடுத்து இமை ஓரத்தில் தடவி, தண்ணீரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, காய்ந்த பிறகு சீவுங்கள். துண்டால் தேய்க்காதீர்கள், நூல் மாட்டி இழுக்கும்.

எண்ணெய் பக்கமே போகக் கூடாது. விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவர் எல்லாம் பிடிப்பைத் தளர்த்திவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் ஒத்துவராது, பணம் வீண். ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்து அருவியில் நிற்கும் திட்டம் இருந்தால், அதை முடித்துவிட்டு வந்து ஒட்டுங்கள். குப்புறப் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணில் சீக்கிரம் உதிரும்.

தப்பாகப் போனால்

ஒட்டிய அன்றே கண் சிவந்து நீர் வழிந்து, மறுநாள் தணிந்தால் அது ஆவியாலோ பேட் உரசியதாலோ வந்தது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இரண்டு இமையும் வீங்கி அரித்தால் அலர்ஜி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அலர்ஜி என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு பொறுத்துப்போவதில் அர்த்தமில்லை, ஒட்டியதை எடுத்தாக வேண்டும். பார்வை மங்கினாலும், வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தாலும், சீழ் வந்தாலும் பார்லருக்குப் போகாதீர்கள், கண் மருத்துவரிடம் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குளூ கண்ணுக்குள் போய்விட்டால் நிறையத் தண்ணீரால் அலசிக்கொண்டே இருங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டால் பலவந்தமாகப் பிரிக்காமல் அப்படியே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நாலைந்து நாளில் பாதி உதிர்ந்துவிட்டால் குளூவிலோ கழுவியதிலோ கோளாறு. விழுந்த இழைகளை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெறும் செயற்கை இழை மட்டும் விழுந்திருந்தால் பிடிப்பு சரியில்லை என்று பொருள். சொந்த முடி ஒன்று ஒட்டியபடி விழுந்தால் அது இயல்பான உதிர்வு. ஒரே இழையில் இரண்டு மூன்று சொந்த முடி இருந்தால் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்லருக்கு ரீஃபிலுக்குப் போக வேண்டாம்.

ரீஃபிலும் கழற்றுவதும்

இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ரீஃபில். சுமார் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால் ரீஃபில் என்று சொன்னாலும் வேலை முழு செட்தான், கட்டணமும் அப்படியே இருக்கும். வளர்ந்து அடியிலிருந்து விலகிய பழைய இழைகளை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாரம் நுனிக்குப் போய் முடி முறுக்கிக்கொள்ளும்.

போதும் என்று தோன்றினால் பிய்க்காதீர்கள். பார்லரில் கிரீம் ரிமூவரை ஒட்டிய இடத்தில் வைத்து 5 முதல் 10 நிமிடம் விட்டால், பிரஷில் தானாகவே நழுவி வரும். தண்ணீர் போல ஓடும் ரிமூவரைவிட கிரீம் நல்லது, கண்ணுக்குள் வழியாது. எடுத்தபின் சொந்த முடி குட்டையாக, மெலிந்து தெரியும். நீளத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் காட்டும்.

அலர்ஜியால் கழற்றியவர்களிடம் "அடுத்த தடவை சென்சிட்டிவ் குளூ போடலாம்" என்று சொல்வார்கள். அதிலும் இருப்பது சயனோஅக்ரிலேட்தான், பல நேரம் கருப்புச் சாயத்தை மட்டும் எடுத்திருப்பார்கள். ஒருமுறை அலர்ஜி வந்தவருக்கு அடுத்தடுத்த முறை இன்னும் வேகமாக வரும். அவர்கள் ஸ்ட்ரிப் லேஷ் வாங்கும்போது, கூட வரும் பசையில் சயனோஅக்ரிலேட் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.